யாருக்கு வெளிச்சம் வைப்பது?

"சினிமா படிக்கிறதுக்கு எதுக்குடா காலேஜி? டிக்கெட்டு வாங்கினா கொட்டாயிலயே காட்டப்போறான்" என்று கேட்டது என் அம்மா. அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் சினிமாவும் தொலைக்காட்சியும் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்ற நாள் அது. அக்காவுக்கு அவனை நர்சிங்கில் சேர்க்க ஆசை. "நர்சு படிச்சா உடனே வேல. சினிமா படிச்சவனுக்கு எவன் வேல குடுப்பான்? நீயே சொல்லு தம்பி" என்று என் பக்கம் திரும்பியது. மாமா கொத்து வேலைக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். "தமிழுதான் நமக்கே வருமே, அத அஞ்சு வருசம் படிக்கிறதுக்கு இன்னா இருக்குது?" என்று இதே திண்ணையில் கேட்கப்பட்டவன். ஆகவே அன்றைக்கு அவன் கட்சியில் நின்றேன். அக்காவின் கம்மலும் நான் சேர்த்து வைத்திருந்த கொஞ்சம் பணமும் முதல் வருஷக் கட்டணமாகப் போயின. இப்போது அவன் இரண்டாம் வருஷம். இந்தக் காலத்தில் அவன் படித்ததைவிட நான் படித்ததுதான் அதிகம் என்று தோன்றுகிறது. எனக்குள் எழுந்த கேள்விகளைத் தோழர்கள் முன்னால் வைக்கிறேன். முழு விடை என்னிடம் இல்லை.

1

முதல் கேள்வி அக்கா கேட்டதுதான். இல்லாத வீட்டுப் பிள்ளை கலை படிக்கலாமா?

ஏன் படிக்கக்கூடாது, எல்லோருக்கும் உரிமை உண்டு என்று நாம் மேடையில் பேசிவிடுகிறோம். கம்மலைக் கழற்றிக் கொடுத்தவளுக்கு மேடைப் பேச்சு பதிலாகாது. சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர்கிறவனுக்கு மாசச் சம்பளம் என்று உறுதியாக ஒன்றும் கிடையாது. பேட்டா கொடுத்தால் உண்டு. படம் நடுவில் நின்றுபோனால் அதுவும் இல்லை. சாலிகிராமத்திலும் வடபழனியிலும் அறை எடுத்து அஞ்சு வருஷம், எட்டு வருஷம் என்று காத்துக்கிடப்பவர்கள் எத்தனையோ பேர். அப்படிக் காத்துக்கிடக்க ஊரில் ஒரு காணி நிலமோ, அப்பாவின் பென்ஷனோ, வாடகை கேட்காத சொந்தக்காரர் வீடோ பின்னால் இருக்க வேண்டும். கலைக்குத் திறமைதான் மூலதனம் என்கிறார்கள். தோற்றுப்போவதற்கும் வசதி வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. முதல் படம் ஓடாவிட்டாலும் இரண்டாவது கதை எழுத உட்கார முடிகிறவன்தான் கடைசியில் கலைஞன் என்று பெயர் வாங்குகிறான். நம் பிள்ளைக்கு ஒரே ஒரு வீச்சு. குறி தப்பினால் அவன் மட்டும் விழுவதில்லை. அவனோடு கம்மலும் போகும், தங்கச்சி படிப்பும் போகும்.

இது தெரிந்துமா போகச் சொன்னாய் என்று கேட்கலாம். தெரிந்துதான் சொன்னேன்.

1996-இல் டெல்லியில் ஒரு வெளிநாட்டு நிருபர், தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்க, பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் தேடிப் பார்த்தார். அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் நூற்றுக்கணக்கில் இருந்த பட்டியலில் ஒருவரைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. அதை அவரே எழுதினார். 23 வருஷம் கழித்து, 2019-இல், ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. பத்திரிகை, தொலைக்காட்சி, இணையம் எல்லாவற்றிலும் அவர்கள் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 பேர் உயர்சாதியினர். எஸ்.சி., எஸ்.டி. ஒருவர்கூட இல்லை. எது செய்தி, எது கதை, எந்த முகம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கலாம் என்று முடிவு செய்கிற அறை அது. நம் தெரு எரிந்த பிறகுதான் கேமரா வருகிறது. குற்றவாளி ஜாமீனில் வெளியே வரும்போது அந்தக் கேமரா வேறு ஊருக்குப் போயிருக்கிறது. அந்த அறைக்குள் நாம் போகாமல் இது மாறுமா?

போனால் மட்டும் போதுமா என்பது அடுத்தது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில் ஒரு திரைப்படக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இந்தியாவின் முதல் தலித் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் பெயரை வைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் அங்கே மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சேர்க்கையில் இட ஒதுக்கீட்டை ஒழுங்காகப் பின்பற்றவில்லை, துப்புரவுப் பணிப் பெண்களை இயக்குநர் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள் என்பவை அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகள். இயக்குநர் மறுத்தார். போராட்டம் வாரக்கணக்கில் நீண்டு, 2023 ஜனவரியில் அவர் பதவி விலகினார். அந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. படம் எடுக்கப் படிக்க வந்த பிள்ளைகள், தங்கள் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கியவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது.

2

முதல் வருஷ முடிவில் அக்கா மகனுக்கு ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுக்கும் பயிற்சி வந்தது. எதைப் பற்றி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருத்தன் தன் வீட்டு நாயை எடுத்தான். ஒரு பெண் அடுக்குமாடிப் படிக்கட்டில் விழுகிற நிழல்களை எடுத்தாள். இவன் எழுதிக்கொண்டு போனது, ஏரிக்கரையில் ராத்திரி தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனும், தண்ணீரில் ஆடுகிற நிலாவும்.

ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "இது யார் வேணும்னாலும் எடுப்பாங்கப்பா. உன் ஏரியாவ எடு. உன் மக்களோட வலிய எடு. ரொம்ப நல்லா வரும்" என்றாராம். அவர் கெட்டவர் இல்லை. அன்போடுதான் சொல்லியிருக்கிறார். நாயை எடுத்தவனிடம், "உன் தெருவில் யாரை உள்ளே விடமாட்டீர்கள், அதை எடு" என்று அவர் சொல்லவில்லை. படிக்கட்டை எடுத்தவளிடம், "உன் அடுக்குமாடியில் நாங்கள் வாடகைக்கு வீடு கேட்டால் தருவார்களா, அதை எடு" என்று சொல்லவில்லை. அவர்களுக்கு உலகம் முழுக்கப் பாடுபொருள். இவனுக்கு மட்டும் காலனி. குடியிருப்பை ஒதுக்கியதுபோல இங்கே கற்பனையை ஒதுக்குகிறார்கள்.

இதை அவன் போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "இருந்தாலும் பாருடா, நம்ம சனத்தோட கதைய எடுக்க உன்ன விட்டா யாரு இருக்கா?" என்றேன்.

"மாமா, எங்க சாரும் அதத்தான் சொல்றாரு."

எனக்குப் பேச்சு வரவில்லை.

அவரும் நானும் ஒன்றா? அவர் கேட்பது அவருக்குப் புதிதாக ஒரு காட்சி. நான் கேட்பது இயக்கத்துக்கு ஓர் ஆயுதம். நோக்கம் வேறுதான். ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வாசலைத்தான் காட்டுகின்றன. நீ பார்க்க ஆசைப்படுவதைப் பார்க்காதே, நாங்கள் சொல்வதைப் பார் என்கின்றன.

3

இதற்கு எதிர்ப்பக்கமும் பலமானது. சமூகம் போராடி வாங்கிய ஒதுக்கீட்டில், உதவித்தொகையில், ஒரு தாயின் கம்மலில் படித்துவிட்டு நிலாவை எடுக்கப் போகிறாயா? 1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்த நம்மவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அண்ணல் மனம் வெதும்பிப் பேசினார். அதைப் படித்த எவனுக்கும் நெஞ்சு குறுகுறுக்கும். எனக்கும் குறுகுறுக்கிறது. கடன் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அந்தக் கடன் எதன்மேல் இருக்கிறது? அண்ணல் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். படித்து வந்து பத்து வருஷம் பரோடாவுக்கு வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917-இல் வேலைக்கு வந்தவருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் இருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இவ்வளவையும் பார்த்த மனிதர் என்ன எழுதினார்? 1916-இலேயே சாதியின் தோற்றம் பற்றி எழுதினார். 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிப் புத்தகம் போட்டார். பணம், தங்கம், வெள்ளி, நாணய மாற்று இதெல்லாம் தீண்டப்படாதவனுக்கு எதற்கு என்று யாராவது அவரிடம் கேட்டிருந்தால்? நீ உன் சேரியின் வலியை மட்டும் எழுது, ரூபாயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தால்? ரூபாயைப் பற்றி எழுதியது நம்மைக் கைவிட்டது ஆகுமா?

கடன் உண்டு. அது பாடுபொருளின்மேல் இல்லை, நிற்கிற இடத்தின்மேல் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதைப் பார்க்கிறாய் என்பதில் அவனுக்குச் சுதந்திரம் வேண்டும். எங்கே நின்று பார்க்கிறாய், யாரைக் கேட்டுப் பார்க்கிறாய், பார்த்ததை முதலில் யாருக்குக் காட்டுகிறாய் என்பதில்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் உண்மை அறியும் குழுவோடு ஓர் ஊருக்குப் போனேன். குடிசைகள் எரிந்த மூன்றாம் நாள். படம் எடுக்கும் வேலை என்னுடையது. எரிந்த சாமான்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் போய் எடுத்தேன். தலை கலைந்து, சேலை கரி பிடித்து இருந்தது. "படம்" நன்றாக வந்திருக்கிறது என்று மனசுக்குள் ஒரு நிறைவு வந்தது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, செத்த இரு. தல வாரிக்கினு வரேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம்மா, இப்பிடியே இருங்க. இப்பிடி இருந்தாதான் எடுபடும்." அவர் அப்படியே உட்கார்ந்துகொண்டார். படம் துண்டறிக்கையில் வந்தது. அந்தப் பிரதியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவே இல்லை.

அந்தப் படம் தேவையில்லாதது என்று சொல்லமாட்டேன். சாட்சி வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தம், அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் விசாரணை நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. கேமரா அங்கே நம் உரிமை, அதை நாம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் சாட்சிக்கு எரிந்த வீடு போதும். தலை வாராத பெண் எதற்கு? அதை நான் சாட்சிக்காகச் செய்யவில்லை. பார்க்கிறவர்கள் இரக்கப்படுவதற்காகச் செய்தேன். நம் வலியை அடுத்தவன் கண்ணுக்கு ஏற்ற மாதிரி சமைத்துப் பரிமாறினேன். என் சாதிச் சான்றிதழ் அந்த நிமிஷத்தில் என்னைக் காப்பாற்றவில்லை. நம்மில் ஒருவன் கையில் எடுத்துவிட்டதால் மட்டும் கேமரா நம்முடையது ஆகிவிடாது.

4

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் கல்லூரிக் கேமராவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. நிலாவுக்கு வழியில்லை. "ஆயாவ எடுக்கட்டுமா?" என்றான். "இன்னா வேணும்னா எடு" என்று அம்மா சொன்னது. களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தது. அவன் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே போய்விட்டது. அரைமணி நேரம் ஆளைக் காணோம். வெளியே வந்தபோது குளித்து, எண்ணெய் வைத்து வாரி, என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டியிருந்தது. நாற்காலியைத் தானே தூக்கிவந்து வெள்ளையடித்த சுவர் முன்னால் போட்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பழைய போட்டோ உண்டு. கல்யாணமான புதிதில் திண்டிவனத்தில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தது. பின்னால் மாளிகை வரைந்த திரைச்சீலை. அதிலும் அம்மா இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்.

"ஆயா, சும்மா எப்பவும்போல இரு. வேல செய்யறமாதிரி" என்றான் பையன்.

"ஏன், வேல செய்யும்போதுதான் நான் ஆயாவா? தோ, இப்பிடி குந்தினு இருந்தா ஆயா இல்லியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் எரிந்த குடிசை முன்னால் உட்கார்ந்திருந்த அந்தம்மாவை நினைத்துக்கொண்டேன். "ஆயா சொல்றமாதிரியே எடுடா" என்றேன்.

எடுத்துப் பார்த்தால் சுவர் அழகாக வந்திருக்கிறது. சேலைக் கரை வந்திருக்கிறது. முகம் இல்லை. இருட்டாக ஒரு வட்டம், அவ்வளவுதான். அப்போது அவன் எனக்கு ஒரு பாடம் நடத்தினான். கேமராவில் இருக்கிற லைட் மீட்டர் எதிரே இருப்பது எதுவானாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் கணக்குப் போடும். விழுகிற வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பித் தருகிற சாம்பல். வெயில் பட்ட வெள்ளைச் சுவர் பெரிதாகப் பின்னால் இருந்தால் மீட்டர் சுவரைப் பார்த்து, "வெளிச்சம் அதிகம், குறை" என்று சொல்லிவிடும். குறைத்தால் கறுத்த முகம் இன்னும் கறுத்துத் தொலைந்துபோகும். கேமரா பொய் சொல்லவில்லை. அது யாரை அளந்ததோ அவர்களுக்குச் சரியாகத்தான் செய்தது. இங்கே அது சுவரை அளந்தது.

இன்னொன்றும் சொன்னான். பிலிம் இருந்த காலத்தில் கோடாக் கம்பெனி, கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஷெர்லி கார்டு என்று பேர். அதில் இருந்தவள் வெள்ளைக்காரி. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோல் சரியாக வரவில்லையே என்பது கம்பெனிக்கு ரொம்ப நாள் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. சாக்லேட் விற்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள் என்று லோர்னா ராத் என்ற கனடா ஆய்வாளர் எழுதியிருக்கிறார். மனிதர்களுக்காக மாறாதது மேசை நாற்காலிக்காக மாறியது. நமக்கு இது புதுசா தோழர்களே? கருவியில் சாதி இல்லை, கலையில் சாதி இல்லை என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்கட்டும். எந்த அளவுகோலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய முகம் இருக்கிறது.

"அப்ப இன்னாதான் பண்றது?" என்றேன்.

"முகத்துக்கு அளந்து ரெண்டு ஸ்டாப் தொறக்கணும் மாமா. தொறந்தா செவுரு வெளுத்துப்பூடும். ஒண்ணும் தெரியாது. செவுரா, முகமா, ரெண்டுல ஒண்ணுதான்."

திறந்தான். சுவர் வெறும் வெள்ளையாகிப் போனது. அம்மாவின் முகம் வந்தது. நெற்றித் தழும்பும், வெற்றிலைக் கறையும், கண்ணுக்குக் கீழே சுருக்கமும் எல்லாம் வந்தன. எனக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்ததைவிட அதிகமாக அந்த முகத்தில் இருந்தது.

திரைக்கல்வி என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று எனக்குப் பட்டது. எந்த வெளிச்சமும் எல்லோருக்கும் சரியாக இருக்காது. ஒருத்தரைத் தெரியவைக்க இன்னொன்றை வெளுக்கவிட வேண்டும். யாரை, எதை என்று முடிவு செய்வது கை வேலைதான், அறமும் அதுவேதான். கல்லூரி கையைப் பழக்கிவிடும். மற்றதை அம்மா மாதிரி ஆட்கள்தான் சொல்லித்தர முடியும்.

5

கல்லூரியில் போட்டுக் காட்டியபோது, "பாட்டி போஸ் குடுக்குறாங்க, இயல்பா இல்ல" என்று சொன்னார்களாம். இயல்பு என்றால் எது? யாரோ ஒருவர் நிலத்தில் குனிந்து நிற்பதா? காந்தியை அரைவேட்டியில் பார்த்து உருகிய நாடு, அண்ணல் சிலையின் கோட்டையும் சூட்டையும் கேலி செய்தது. உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்பதுதான் நம் ஆள் செய்த கலகம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அம்மாவின் பட்டுச்சேலையும் அந்த வரிசையில் வருவது.

இந்தப் படிப்பால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்து வடார் சமூகப் பிள்ளை நாகராஜ் மஞ்சுளே. என்னைப்போல மொழி இலக்கியம் படித்தவர், எம்.ஏ. மராத்தி. பிறகு அகமத்நகரில் ஒரு கல்லூரியில் தகவல் தொடர்பியல் படித்தார். அங்கே படிப்புக்காக எடுத்த குறும்படம்தான் 'பிஸ்துல்யா'. பள்ளிக்கூடம் போக ஏங்குகிற ஒரு சிறுவன் அதில் வருகிறான். தேசிய விருது வாங்கியது. 2013-இல் 'பன்றி' என்று பொருள்படும் 'ஃபன்ட்ரி' எடுத்தார். பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன் அதில் எதைத் தேடி அலைகிறான்? ஒரு கருங்குருவியை. அதன் சாம்பல் கிடைத்தால் தான் விரும்புகிற பெண் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நம்புகிறான். படத்தின் கடைசியில் அவன் எறிகிற கல் நம் முகத்துக்கு நேராக வருகிறது. அந்தக் குருவியின்மேல் அவனுக்கு இருந்த ஆசையைக் காட்டியதால்தான் கல்லுக்கு அந்த வேகம். வலியை மட்டும் காட்டியிருந்தால் நாம் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து வந்திருப்போம்.

சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த பா. ரஞ்சித்தின் முதல் படமும் (2012) ஊர்வலத்தையோ துப்பாக்கிச் சூட்டையோ காட்டவில்லை. 'அட்டகத்தி'யில் ஒரு பையன் காதலிக்கிறான், ஏமாறுகிறான், மறுபடி காதலிக்கிறான். நம் வீட்டுச் சாப்பாடும் பாட்டும் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் திரையில் இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்த அன்று அக்கா மகனுக்கு ஏழு வயசு இருக்கும். "மாமா, நம்ம வூடு மாதிரியே இருக்குது" என்று கொட்டாயிலேயே சத்தம் போட்டான். அவன் சினிமா படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கல்லூரியில் காட்டுவதற்கு முன்னால் அவன் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். நான் அந்த ஊர்ப் பெண்ணுக்குச் செய்யாததை, யாரும் சொல்லாமல், இவன் செய்தான். அம்மா தன் முகத்தை வெகுநேரம் பார்த்தது. அப்புறம், "செவுரு இன்னாடா இப்பிடி வெளுத்துக் கெடக்குது? நேத்துதான சாணி தெளிச்ச கற பட்டு அழுக்கா இருந்துது" என்றது.

"உன் மூஞ்சி தெரியணும்னா செவுரு வெளுக்கும் ஆயா."

"வெளுத்தா வெளுக்கட்டும். நம்ம செவுருதான."

அக்காவின் கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. மூன்றாம் வருஷக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்கு இந்தக் கட்டுரை வழி சொல்லாது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் நிலாவை எடுத்தே தீருவேன் என்கிறான் பையன். எடுக்கட்டும். தூண்டில் நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.